சம்பந்தி வீட்டு வட்ட மேஜை

"ஒரு மாசம் சீனாக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும், எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "பாம்பு, தவளை எல்லாம் தட்டில் வருமாமே?" நான் பார்க்கவில்லை, அம்மா! நான் பார்த்தது வள்ளைக்கீரையும், கல்யாணப் பூசணி சூப்பும், மலை மாதிரி தோல் சீவிக் குவித்த இஞ்சியும்தான்.

என் அக்காவின் மூத்த பெண் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் கூட வேலை பார்த்த சீனப் பையனைப் பிடித்துப்போயிற்று. இரண்டு வீட்டாரும் ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு ஒருவழியாகக் கல்யாணமும் ஆயிற்று. பையனைப் பெற்றவர்கள் இருப்பது ஈப்போவில். கோலாலம்பூருக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள், மலைக் குகைகளுக்குள்ளே கோயில்கள். ஒரு காலத்தில் வெள்ளீயம் தோண்டுவதற்காகத் தென் சீனாவிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் இன்றைக்கும் அங்கே கான்டனீஸ் பாஷைதான் பேசுகிறார்கள்.

நம் வழக்கப்படி தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வர வேண்டும். அவர்கள் வழக்கமோ நேர் எதிர். பிள்ளை பெற்றவள் முதல் முப்பது நாளும் புருஷன் வீட்டை விட்டு நகரக் கூடாது, மாமியார்தான் பார்த்துக்கொள்வாள். அக்காவுக்கோ முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "நீயாவது போய்ப் பக்கத்தில் இருடி" என்று அழுதாள். அப்படித்தான் 2024 ஆனி மாதத்தில் திருச்சியில் பிளேன் ஏறினேன். அப்போது நம்மவர்களுக்கு அங்கே விசா இல்லாமல் முப்பது நாள் தங்க அனுமதி இருந்தது. பெட்டியில் பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு, பெருங்காயம். கூடவே, எங்கள் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளைக் கிழித்து மடித்த ஒரு துணி மூட்டை. அம்மா இப்போது இல்லை. கொள்ளுப்பேரன் முதலில் படுப்பது அவள் சேலையில்தான் இருக்க வேண்டும் என்பது எனக்கும் அக்காவுக்கும் ஆசை. அந்த மூட்டையால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

நான் போன அன்று காலையில்தான் குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்களாம். அங்கே அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலிலேயே சம்பந்தியம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "மகான், மகான்!" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த மகானைச் சொல்கிறார்? பிறகு அக்கா மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள், மலாய் பாஷையில் 'மக்கான்' என்றால் சாப்பிடுவதாம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கான்டனீஸ் தெரியாது. உடைந்த மலாய், அதைவிட உடைந்த இங்கிலீஷ், மீதிக்குக் கை ஜாடை. ஒரு மாதம் இதிலேயே ஓடிவிட்டது.

குழந்தைக்கு என்ன முறையோ அதைச் சொல்லித்தான் வீடே கூப்பிடுகிறது. நான் பாட்டியின் தங்கை. ஆகவே 'யீ போ'. முதலில் ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்! நம்மைப்போலவே அவர்களுக்கும் பெரியப்பாவுக்கு ஒரு சொல், சித்தப்பாவுக்கு ஒரு சொல், அப்பாவைப் பெற்றவளுக்கு ஒன்று, அம்மாவைப் பெற்றவளுக்கு வேறொன்று. எல்லோரையும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று ஒரே மூட்டையாகக் கட்டும் வேலையெல்லாம் அந்த வீட்டில் நடக்காது.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். சமையல்கட்டு இரண்டு. உள்ளே இருப்பது பார்க்க. பின்பக்கம் இருப்பதுதான் சமைக்க. அடுப்புக்குப் பக்கத்தில் சிவப்புப் பலகையில் அடுப்பு தெய்வம். காலையில் அதற்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டுத்தான் சம்பந்தியம்மாள் மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். ஃப்ரிட்ஜ் பெரியதுதான், ஆனாலும் கீரையும் மீனும் அன்றன்றைக்கு வாங்கினால்தான் அவருக்குத் திருப்தி. ஈப்போவின் முளைப்பயறு குட்டையாக, குண்டாக இருக்கும். எங்கள் மலைத் தண்ணீர் விசேஷம் என்று ஊரார் பெருமை. கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, மேலே சோயா சாஸும் எண்ணெயும் விட்டால் ஆயிற்று. எல்லாம் இரண்டு நிமிஷ வேலை.

சூப் மட்டும் அப்படி இல்லை. அதற்கு மத்தியானமே அடுப்பில் பானை ஏறிவிடும். இரண்டு மணி, மூன்று மணி நேரம் சின்னத் தணலில் கொதித்துக்கொண்டே இருக்கும். எனக்காகத் தாமரைக் கிழங்கும் வேர்க்கடலையும் செம்பேரீச்சையும் போட்டுத் தனியாக ஒரு சின்னப் பானை. செம்பேரீச்சை என்று நான்தான் பேர் வைத்தேனே தவிர அது பேரீச்சை இல்லை, நம் இலந்தையின் இனம்.

நான் சைவம் என்றதும் எனக்கென்று புது இரும்புச் சட்டியும் கரண்டியும் வாங்கிவிட்டார். அதையும் மீறி ஒரு கூத்து நடந்தது. மூன்று நாள் நான் ருசித்துச் சாப்பிட்ட கீரைப் பொரியலில் ஊற்றியிருந்தது சிப்பிச் சாஸ்! சிப்பி எப்படி அசைவமாகும், அதற்கு ரத்தமா சதையா என்று அவர் உண்மையாகவே திகைத்தார். நான்காம் நாளிலிருந்து காளான் சாஸ் வந்துவிட்டது. அந்த மூன்று நாளுக்குப் பகவான் என்னை மன்னிப்பார்.

ராத்திரி ஏழு மணிக்கு வட்ட மேஜை. நடுவில் நாலைந்து தட்டுகள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னக் கிண்ணத்தில் வெறும் சோறு, ஒரு ஜோடி குச்சி. யாரும் உடனே கை வைக்க மாட்டார்கள். முதலில் சின்னவர்கள் பெரியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். மூத்த மகனின் குழந்தைகள் இரண்டும் கடகடவென்று ஒப்பிக்கும்: "யே யே, சிக் ஃபான்! மா மா, சிக் ஃபான்! யீ போ, சிக் ஃபான்!" தாத்தா சோறு சாப்பிடுங்கள், பாட்டி சோறு சாப்பிடுங்கள், அவ்வளவுதான் அர்த்தம். பெரியவர் குச்சியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள். டி.வி. கிடையாது, போன் பக்கத்து அறையில். எட்டு வயதுப் பையன் வாரத்துக்கு ஒரு நாளாவது முணுமுணுப்பான், ஆனாலும் கூப்பிடாமல் இருக்க மாட்டான்.

முதல் நாளே நான் ஒரு தப்புச் செய்தேன். தண்ணீர் குடிக்கையில் குச்சிகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சோற்றில் நட்டு வைத்துவிட்டேன். சம்பந்தியம்மாள் ஒன்றும் பேசாமல் எடுத்துக் கிண்ணத்தின் மேல் குறுக்கே படுக்க வைத்தார். செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் சோற்றில் ஊதுவத்தியை அப்படி நடுவார்களாம். மறுநாளிலிருந்து ஒரு ஸ்பூன் என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிள்ளை பெற்றவள் மட்டும் மேஜைக்கு வர மாட்டாள். அவளுக்கு அறையிலேயே தனிச் சாப்பாடு. இங்கேதான் எனக்கு ஆச்சரியத்துக்கு மேல் ஆச்சரியம். நாம் சூடு, குளிர்ச்சி என்று பிரிப்பது அப்படியே அங்கேயும் இருக்கிறது! வெள்ளரிக்காய் ஆகாது, இளநீர் ஆகாது, ஐஸ் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. இஞ்சி உத்தமம். நல்லெண்ணெய் உத்தமம், ஆனால் அவர்களுடையது எள்ளை வறுத்து ஆட்டியது; கறுத்து, வாசனை தூக்கலாக இருக்கும். குடிப்பதற்குச் செம்பேரீச்சையைக் கொட்டை நீக்கி வெந்நீரில் கொதிக்க வைத்த கஷாயம். பிரசவத்துக்கு முன்னாலேயே ஒரு பெரிய மண்சட்டியில் கறுப்பு இனிப்பு வினிகரை ஊற்றி, மூன்று கிலோ இஞ்சியைத் தட்டிப் போட்டு ஊற வைத்திருந்தார். மற்றவர்களுக்கானால் அதில் பன்றிக் கால் சேரும். எங்கள் பெண் வேலைக்குப் போன இடத்தில் முட்டையும் மீனும் பழகிக்கொண்டாளே தவிர அதைத் தொட மாட்டாள். அவளுக்காக வேக வைத்து உரித்த முட்டை மட்டும். இனிப்பும் புளிப்பும் காரமுமாய், வாசனை தெரு முனை வரைக்கும் வரும். "சித்தி, நம்ம புளி இஞ்சி மாதிரியே இருக்கு" என்று கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

எல்லாம் ஒத்துப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். தலைக்கு ஊற்றக் கூடாது என்றார்; மூன்றாம் நாளே ஊற்ற வேண்டும் என்றேன் நான். கோழியில் அரிசி ஒயின் ஊற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. என் லேகியத்தை அவர் முகர்ந்து பார்த்து மூடி வைத்துவிட்டார். பெண்ணோ யார் பக்கமும் பேச முடியாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வந்த மறுநாள் காலை அந்தத் துணி மூட்டையைப் பிரித்தேன். சம்பந்தியம்மாள் ஆவலாகத்தான் கிட்டே வந்தார். வந்தவர் மூக்கைச் சுளித்தார். முகம் வெளுத்துவிட்டது. என்னவோ கத்திக்கொண்டே, என் கையிலிருந்த துணியைப் பிடுங்காத குறையாக வாங்கி, மொத்தத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து முடிச்சுப் போட்டு, வாசல் கேட்டுக்கு வெளியே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டு வைத்துவிட்டு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

என் அம்மாவின் சேலை! குப்பைத் தொட்டியிடம்!

நான் வாயைத் திறக்கவில்லை. அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். மத்தியானம் பசிக்கவில்லை என்றேன். ராத்திரியும் அப்படித்தான். டிக்கெட்டை மாற்ற எவ்வளவு ஆகும் என்றுகூட யோசித்தேன். ஏழு மணிக்குக் கதவுக்கு வெளியே அந்த எட்டு வயதுப் பையனின் குரல்: "யீ போ, சிக் ஃபான்." பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். மூன்றாவது தடவை கதவைத் திறந்து பார்த்தால், மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் குச்சியைத் தொடவில்லை. சூப்பில் ஆவி அடங்கி ஆடை கட்டிவிட்டது. பெரியவளான நான் வராமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. போய் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது?

சாப்பாடு முடிந்ததும் பெண் என்னை அறைக்குக் கூப்பிட்டாள். "சித்தி, கோவிச்சுக்காதீங்க. அம்மா பயந்துடுவாங்கன்னு போன்ல சொல்லலை. குழந்தைக்கு ஜி-6-பி-டி குறைவாம்."

ரத்தத்தில் சிவப்பு அணுக்களுக்குக் காவல் மாதிரி ஒரு என்ஸைம் இருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பெயர். அது குறைவாக உள்ள குழந்தைகளுக்குச் சில பொருள்கள் ஆகாது. பட்டால், முகர்ந்தால், தின்றால் சிவப்பு அணுக்கள் மளமளவென்று உடைந்து, சோகையும் மஞ்சள் காமாலையும் வரும். பிறந்த குழந்தைக்குக் காமாலை அளவுக்கு மீறி ஏறினால் மூளையையே பாதிக்கும். அப்படி ஆகாத பொருள்களில் முதல் வரிசையில் நிற்பது பாச்சை உருண்டை. சில வீடுகளில் அந்துருண்டை என்பார்கள். நான் கொண்டுபோன மூட்டை பதினைந்து வருஷமாக அந்த உருண்டைகளுக்கு நடுவேதான் டிரங்குப் பெட்டியில் இருந்தது!

மலேசியாவில் குழந்தை பிறந்ததுமே தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்துவிடுகிறார்கள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்ததும் அதற்காகத்தான். சீனர்களிடையே இது நன்றாகத் தெரிந்த விஷயம். அவர்கள் பாஷையில் ஒரு அவரை விதையின் பெயராலேயே இந்தக் குறையை அழைக்கிறார்கள். பார்வைக்கு நம் மொச்சையைப்போலப் பெரிதாக இருக்கும், மொச்சை அல்ல. அந்த விதையும் இவர்களுக்கு விஷம். சம்பந்தியம்மாளின் மூத்த மகனுக்கும் இதே குறை உண்டாம். வறுத்து விற்கும் அந்த விதையைச் சின்ன வயதில் தின்றுவிட்டு, சிறுநீர் காப்பித் தண்ணீர் மாதிரி போய், பையனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். அந்தப் பயம்தான் அன்றைக்கு அவரைக் கத்த வைத்தது.

"அத்தை தினம் அழறாங்க சித்தி. என் வீட்டு வியாதி இந்தக் குழந்தைக்கும் வந்திடுச்சேன்னு."

எனக்கும் அப்போது மனசுக்குள் அப்படித்தான் ஓடியது. அவர்கள் வீட்டுச் சீக்கு, நம் குழந்தைக்கு வந்திருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

இரண்டு வாரம் ஆனதும் காமாலை பார்க்கக் கிளினிக்குக்குப் போனோம். மாப்பிள்ளை எங்களை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். டாக்டரம்மா அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எனக்கு ஒரே நிம்மதி. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். லேகியம் வேண்டாம், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் பால் கொடுப்பவள் சாப்பிடக் கூடாது என்றார். ஒயினும் வேண்டாம், பாலில் இறங்கும். சீன மூலிகைத் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பால் மட்டும், அடிக்கடி. உச்சியில் தைலம் தேய்க்க வேண்டாம். பூண்டு, இஞ்சி, மிளகு தாராளமாக. ஆக, இரண்டு பாட்டிகளுக்கும் சரிபாதி குட்டு!

கடைசியாகத்தான் கேட்டேன், "இது அப்பா வழியில் வந்ததுதானே டாக்டர்?" என்று. அவர் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். ஆண் குழந்தைக்கு இந்தக் குறை அப்பாவிடமிருந்து வரவே வராதாம். அம்மா வழியாகத்தான். அம்மாவுக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். இந்தியாவிலும் இது நிறையப் பேருக்கு உண்டு. நாம் சோதிப்பதில்லை, அதனால் தெரிவதில்லை.

காரில் திரும்பும்போது பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லணுமா சித்தி?"

எனக்கும் தெரியவில்லை. வேற்று ஜாதி, வேற்று பாஷை வீடு. ஏற்கெனவே ஆறு மாதம் வேண்டாம் என்று நின்றவர்கள். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் இவள் தலையில்தானே விழும்? பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த அம்மாள் ராத்திரி பத்து மணிக்கு அடுப்பு தெய்வத்தின் முன்னால் நிற்பதை நான்தானே பார்க்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவர்களுடைய பதினைந்தாம் பிறை வந்தது. அதாவது பௌர்ணமி. மாதத்தில் முதல் பிறைக்கும் பதினைந்துக்கும் சம்பந்தியம்மாள் சைவம்தான். வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. ஏகாதசி மாதிரிதான், போங்கள்! அன்றைக்கு வீடு முழுவதற்கும் அதே சமையல். கறுப்புக் காளான், சேமியா மாதிரி கண்ணாடி நூடுல்ஸ், சோயாப் பால் ஆடை, கோஸ் எல்லாம் சேர்த்து ஒரு பெரிய கூட்டு. நான் ஒரு இஞ்சி ரசம் வைத்தேன். முதல் தடவையாக மேஜையில் இருந்த எல்லாத் தட்டிலிருந்தும் நானும் எடுத்துச் சாப்பிட்டேன்.

எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும் சமயம், மாப்பிள்ளையிடம் சொன்னேன்: "நான் சொல்றதை உங்க அம்மாவுக்கு அப்படியே சொல்லுங்க. குழந்தைக்கு வந்தது உங்க வீட்டிலிருந்து இல்லை. எங்க வீட்டிலிருந்து. டாக்டர் சொல்லிட்டாங்க."

அவர் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சம்பந்தியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொதுக் குச்சியை எடுத்து, தட்டில் மீதியிருந்த பெரிய காளானை என் கிண்ணத்தில் வைத்து, "மகான்" என்றார். நான் சாப்பிட்டேன். அதன் பிறகு அந்தப் பேச்சு அந்த வீட்டில் வரவில்லை. மறுநாள் காலை குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும் என்று நான் நினைத்திருந்த சேலைத் துணிகள், பின்பக்கம் கொடியில் காய்வதைப் பார்த்தேன். முதல் நாள் ராத்திரியே எடுத்து, தினம் ஒரு முறை அலசி வெயிலில் போட்டுக்கொண்டிருந்தாராம். "குழந்தைக்கு வேண்டாம். ஆனா அது உங்க அம்மாவோடது" என்று பெண் மூலமாகச் சொன்னார்.

முப்பதாம் நாள் விழா பிரமாதம். முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, ஊறுகாய் இஞ்சியோடு சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் அனுப்பினார்கள். குழந்தைக்கு மொட்டை. நான் இருபது பேருக்குக் கேசரி கிண்டினேன். சிவப்பாக இருந்ததால் எல்லோருக்கும் திருப்தி. அன்றுதான் எங்கள் பெண் முதல் தடவையாக மேஜைக்கு வந்து உட்கார்ந்து, "மா மா, சிக் ஃபான், யீ போ, சிக் ஃபான்" என்று மகனுக்குப் பதிலாக அவளே எங்களைக் கூப்பிட்டாள்.

மதுரைக்கு வந்த மறுநாள் அக்காவிடம் எல்லாம் சொன்னேன். அவள் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். "உனக்கு முன்னால ஒரு தம்பி பிறந்தான், தெரியுமில்லே? எட்டாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சளாப் போய்…" என்றாள். தெரியும். அம்மா வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லி அழுவாள். காரணம் இதுதானா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பெட்டி மட்டும் அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது.

பெட்டியை வெயிலில் வைத்துத் துடைத்து, உருண்டைகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் கட்டி வெளியேற்றிவிட்டேன். இப்போது காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போட்டிருக்கிறேன். அக்காவின் சின்னப் பெண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது. அவளுடைய ஆஸ்பத்திரி ஃபைலின் முதல் பக்கத்திலேயே 'ஜி-6-பி-டி சோதனை' என்று எழுதி, டாக்டரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். செம்பேரீச்சை ஒரு கிலோ ஈப்போவிலிருந்து தபாலில் வந்திருக்கிறது, கொட்டை நீக்கி.